இரசனையும் மதிப்பீடும்: இசை விமர்சனத்தின் அடிப்படைப் பிரச்சினை ஒன்று

நல்ல இசை எது என்ற வினா எழும் இடங்களிலெல்லாம் ஆயத்தமாக ஒரு விடை காத்திருக்கின்றது. 'அது அவரவர் இரசனையைப் பொறுத்தது' என்பதே அவ்விடை. மேலோட்டமாக நோக்குமிடத்து இது பெருந்தன்மை மிக்க விடையாகவே தோன்றும். எவர் விருப்பையும் அது இகழவில்லை. எவர்மீதும் எதையும் திணிக்கவில்லை. சனநாயகப் பண்பு வாய்ந்த கருத்து இதுவே என்று நம் மாணவருட் பலர் நம்பவும் செய்கின்றனர்.

எனினும், இவ்விடையை இறுதிவரை கைக்கொண்டு நடப்பவர் எவரும் இலர். 'எல்லாம் இரசனைதான்' என்று கூறுபவரே மறுநாட் கச்சேரியில் பாடகர் இராகத்தைச் சிதைத்துவிட்டார் என்று குறைப்படுகின்றார். பாடசாலைகளில் இசைப் போட்டி நடத்துகின்றோம். மூவர் இருந்து புள்ளி இடுகின்றனர். இரசனை ஒன்றே அளவுகோலாயின், முதற் பரிசு பெற்ற மாணவி நன்றாகப் பாடியவள் ஆகாள். நடுவரை மகிழ்வித்தவள் மட்டுமே ஆவாள். இதனை எந்த ஆசிரியரும் ஏற்றுக்கொள்ளார். அவ்வாறாயின், நம் மதிப்பீடுகள் எதனை ஆதாரமாகக் கொண்டு நிற்கின்றன என்பதை ஆராய்வது நம் கடனாகின்றது.

இரண்டு கூற்றுக்களை முதலில் வேறுபடுத்திக்கொள்வோம். 'இது எனக்குப் பிடித்திருக்கிறது' என்பது ஒன்று. 'இது நன்று' என்பது மற்றொன்று. ஜேர்மன் தத்துவஞானி கான்ற் 1790 இல் வெளிவந்த தமது நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஒருவகை மது இனியது என்று கூறும் ஒருவர், 'எனக்கு இனியது' என்று திருத்திக்கொள்ளும்படி கேட்டால் தயக்கமின்றித் திருத்திக்கொள்வார். ஆனால், ஒரு கலைப்படைப்பை 'எனக்கு அழகானது' என்று சுருக்கிக் கூறுவது பொருந்தாது. அழகானது என்று கூறும்போதே பிறருடைய உடன்பாட்டையும் அவர் எதிர்பார்த்துவிடுகின்றார். முதலாவது கூற்று அவருடைய உள்ளத்தைப் பற்றிய செய்தி. அதனை எவரும் மறுக்க முடியாது. இரண்டாவது, பொருளைப் பற்றிய செய்தி. அதற்குக் காரணங் கேட்கலாம், அதனை மறுக்கலாம், நிறுவலாம். இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் போதுதான் குழப்பம் தோன்றுகின்றது.

இக்குழப்பம் வெறும் ஏட்டுச் சிக்கலன்று. அதிகாரம் படைத்த ஒருவர் தமது விருப்பை மதிப்பீடாகக் கொண்டுவிட்டால் என்ன நிகழும் என்பதற்கு நம் அண்டை நாட்டிலேயே சான்றுண்டு. 1952 இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். திரைப்படப் பாடல்கள் மக்களின் செவியைக் கெடுக்கின்றன என்பது அவரது உறுதியான எண்ணம். அகில இந்திய வானொலியில் அப்பாடல்களுக்கிருந்த இடத்தை அவர் பெரிதுங் குறுக்கினார். படத் தயாரிப்பாளருடன் ஏற்பட்ட பிணக்கின் விளைவாக அவை சில காலம் ஏறக்குறைய முற்றாகவே மறைந்தன. அமைச்சரின் நோக்கத்தில் நன்மையும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அரசவைகளிலும் சபாக்களிலும் அடங்கிக்கிடந்த இசை, 1952 இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சியின் வாயிலாகச் சாதாரண வீடுகளையும் எட்டியது.

ஆயினும் மக்கள் செய்ததென்ன? வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படையினருக்காக அமைந்த ஏக்கலையின் ஆற்றல்மிக்க ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கையிலிருந்தது. 1952 இன் இறுதியில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயிலிருந்து தயாரித்து அனுப்ப, கொழும்பு அதனை இந்தியா முழுவதும் பரப்பிற்று. புதன்கிழமை இரவுகளில் வட இந்தியத் தெருக்களில் இலங்கை வானொலியே ஒலித்தது. ஈற்றில் 1957 ஒக்ரோபரில் 'விவித பாரதி' என்ற பொழுதுபோக்குச் சேவையை ஆரம்பித்துத் திரைப்பாடல்களுக்கு மீண்டும் கதவு திறக்கவேண்டிய நிலை இந்திய அரசுக்கு ஏற்பட்டது.

கேஸ்கரின் தவறு அவர் சாஸ்திரிய இசையை உயர்வாக மதித்ததன்று. மூன்றரை நிமிட இசைத்தட்டுக்குள் ஓர் உணர்வைக் கட்டி நிறுத்தவேண்டிய திரைப்பாடலை, ஒரு மணி நேரம் விரியும் இராக ஆலாபனையின் அளவுகோலால் அவர் அளந்தார். அதன் பணி யாது, அப்பணியை அது எவ்வாறு நிறைவேற்றுகின்றது என்ற வினாக்களை அவர் எழுப்பவேயில்லை. அவருடைய இரசனை விதியாகிவிட்டது.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டுச் சிலர் மகிழ்ச்சியடையக் கூடும். 'மக்கள் விரும்பியது வென்றது. ஆகவே மக்கள் விருப்பமே அளவுகோல்' என்று அவர்கள் முடிவு செய்வர். இம்முடிவும் அவசரமானதே. கீத்மாலாவை வழங்கியது ஒரு பற்பசைக் கம்பனி என்பதை மறந்துவிடலாகாது. இசைத்தட்டு விற்பனையும் நேயர் விருப்பமுமே அங்கு பாடல்களின் வரிசையைத் தீர்மானித்தன. விற்பனையின் எண்ணிக்கை விற்பனையையே அளக்கும், பாடலை அளக்காது.

அன்றியும், பலருடைய விருப்பம் என்பது உண்மையில் எவ்வாறு உருவாகின்றது? 2006 இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் வெளியிட்ட பரிசோதனையொன்று இவ்விடத்தில் நோக்கத்தக்கது. பெயரறியாத குழுக்களின் 48 பாடல்களைப் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோர் கணினி வாயிலாகக் கேட்டனர். ஒரு பகுதியினர் பிறர் எதனைத் தெரிந்தனர் என்பதை அறியாமல் கேட்டனர். ஏனையோர் பல கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் கூட்டத்தில் எப்பாடல் எத்தனை பேராற் பெறப்பட்டது என்பதைக் கண்டவாறே கேட்டனர். விளைவு யாது? எண்ணிக்கையைக் கண்டவர்களிடையே வென்ற பாடல்கள் மேலும் பெரிதாக வென்றன. ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் வெற்றிவரிசை மாறிற்று. மிகச் சிறந்தவை மிக மோசமாகத் தோற்றதும், மிகத் தாழ்ந்தவை உச்சிக்கேறியதும் அரிது. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நேரக்கூடியதாயிருந்தது. எது எனக்குப் பிடிக்கும் என்பதிலேயே அயலாரின் கை இருக்கின்றது என்பதை இது உணர்த்துகின்றது. தனிமனித இரசனை என்று நாம் போற்றுவது அத்துணை தனிமனிதமானதன்று.

இவ்வுண்மையை அறிவதற்கு நாம் அமெரிக்கா வரை செல்லவேண்டியதில்லை. பறையொலியை அமங்கலமென்று கருதி முகஞ்சுளிக்கும் செவிகள் நம்மிடையே உள்ளன. அச்செவிக்கு அவ்வாறு கேட்கக் கற்பித்தது யார்? தோலிலும் கழியிலும் அமங்கலம் ஏதுமில்லை. அக்கருவியை இசைத்தோரைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்தி, சாவீட்டுக் கடமையை அவர்கள்மீது சுமத்திய சமுதாயமே அவ்வொலியிலும் இழிவைக் கேட்கப் பழகிற்று. 'எனக்குப் பறை பிடிக்காது. அது என் இரசனை' என்று ஒருவர் கூறும்போது அவருடைய வாயிலாகப் பேசுவது பல நூற்றாண்டுச் சாதி அமைப்பே. இரசனையைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக்கினால் அச்சாதி அமைப்பையும் கேள்விக்கு அப்பாற்படுத்தியவர்களாவோம். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு 2025 இல் பத்மஸ்ரீ விருதளித்தது. தோலின் தன்மை மாறியதனால் இது நிகழவில்லை; கேட்போரின் செவி போராட்டங்களினூடே மாறியதனால் நிகழ்ந்தது.

கூத்தின் வரலாறும் இதனையே புலப்படுத்தும். மட்டக்களப்புக் கூத்தைப் பாமரர் ஆட்டமென்று ஒதுக்கிய படித்தவர்களின் முன்னிலையில், 1962 இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' என்னும் கூத்தை மேடையேற்றினார் பேராசிரியர் சு. வித்தியானந்தன். விடியும்வரை நிகழ்ந்ததைச் சுருக்கியது முறையோ என்ற விவாதம் பின்னர் எழுந்தது. அது நியாயமான விவாதமே. ஆனால், மத்தளத்தின் தாளக்கட்டுக்களிலும் கூத்துப் பாட்டின் இசையமைப்பிலும் கேட்பதற்கு ஏதுமில்லை என்று கூறுவது அதன்பின் எளிதாயிருக்கவில்லை. இரசனை வளர்க்கப்படக்கூடியது, திருத்தப்படக்கூடியது. திருத்தப்படக்கூடிய ஒன்று இறுதி அளவுகோலாக முடியாது.

இனி, இரசனை அளவுகோலன்று எனின் வேறெது அளவுகோல்? எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் பொதுவான ஒற்றை விதியொன்றை நாம் முன்வைக்கவில்லை. பொலிவியக் காட்டில் மேனாட்டு இசையின் தொடர்பு மிகக் குறைந்து வாழும் சிமானே மக்கள், மேலைத்தேயச் செவிகள் இனியவை, முரணானவை என்று பிரிக்கும் சுரச்சேர்க்கைகள் இரண்டையும் ஒத்த இனிமையுடையனவாகவே கருதினர் என்று 2016 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. இயற்கையின் நியதி என்று எண்ணப்பட்டதிற் பெரும்பகுதி பழக்கத்தின் நியதியாக இருக்கக்கூடும். ஆயினும் இதிலிருந்து 'எதுவும் எதற்கும் சமம்' என்ற முடிவு பெறப்படாது. ஒவ்வோர் இசை மரபும் தனக்கெனச் சில பணிகளை வகுத்துக்கொள்கின்றது. அப்பணி யாது, அது எவ்வளவு நிறைவேறியது, அப்பணிதான் மனிதருக்கு எத்துணை பெறுமதியுடையது என்னும் மூன்று வினாக்களும் எங்கும் கேட்கக்கூடியவை.

தோடி இராகத்தின் காந்தாரம் கமகத்தோடு அசையவேண்டும். அதனை அசைவின்றி நிறுத்திவிட்டால் தோடியின் உருவம் தோன்றாது. இது பாடுபவரின் விருப்பையோ கேட்பவரின் விருப்பையோ சார்ந்ததன்று. செவியாற் சுட்டிக்காட்டக்கூடிய செய்தி. தாலாட்டில் இதே கமகங்களைத் தேடுவது பேதைமை. குழந்தையை உறங்கவைக்கும் சீரான அசைவும் தாயின் மூச்சுக்கேற்ற அடியுமே அதன் சிறப்பு.

காரணங்களைக்கூட எல்லையறிந்து கையாளவேண்டும் என்பதற்கு ஆர்மோனியத்தின் கதை தக்க சான்று. அதன் கட்டைகள் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லமாட்டா. அதன் சுருதிகளோ நிலையானவை. ஆதலின் நம் இராகங்களின் நுட்பத்துக்கு அது ஒவ்வாதென்று வாதிக்கப்பட்டது. அகில இந்திய வானொலி 1940 இல் அதனை விலக்கியது. 1971 இலேயே அத்தடை ஓரளவு தளர்ந்தது. வாதத்தின் முதற்பகுதி உண்மையே. ஆனால், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், நூற்றுக்கணக்கானோர்முன் உரத்துப் பாடவேண்டிய நடிகனுக்குச் சுருதியைத் தாங்கிக் கொடுத்தது அக்கருவியே. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயானகாண்டம்' யாழ்ப்பாணத்து மக்களை உருக்கியபோது ஆர்மோனியமும் அங்கு உடனிருந்தது. கமகம் இசைக்காமை கச்சேரியிற் குறை. இசைநாடக மேடையில் அது பெருங் குறையன்று.

இவ்விடத்தில் நம்மை நோக்கி ஒரு வினா எழுப்பப்படலாம். 'அளவுகோல் வேண்டும் என்கிறீர். அதனைக் கையிலெடுப்பவர் யார்? மக்கள் பெயரால் நீங்களும் தடை விதிக்கமாட்டீர்களோ?' இவ்வினாவை இடதுசாரிகளாகிய நாம் தட்டிக்கழிக்கலாகாது. சொஸ்ரகோவிச்சின் 'மட்சென்ஸ்க்கின் லேடி மக்பெத்' என்னும் இசைநாடகம் 1934 முதல் இரண்டாண்டுகள் சோவியத் மேடைகளில் வெற்றியுடன் நிகழ்ந்தது. 1936 சனவரியில் ஸ்ராலின் அதனைப் பார்த்தார். சில நாட்களுள் 'பிராவ்தா' அதனை இசையன்று, குழப்பம் என்று சாடியது. 1948 பெப்ரவரியில் கட்சியின் மத்திய குழுவே தீர்மானம் நிறைவேற்றி, அவரையும் புரொக்கோபீவையும் பிறரையும் உருவவாதிகள் என்று கண்டித்தது. 1958 இல் அக்கண்டனங்கள் அநீதியானவை என்று அதே குழு ஒப்புக்கொண்டபோது புரொக்கோபீவ் உயிருடன் இல்லை.

கேஸ்கரின் கதைக்கும் இக்கதைக்கும் இடையே அச்சமும் கொடுமையும் மலையளவு வேறுபடுகின்றன. எனினும் தர்க்கம் ஒன்றே. ஓரிடத்தில் மரபின் பெயரால், மற்றோரிடத்தில் மக்களின் பெயரால், அதிகாரத்திலிருந்த ஒருவரின் தனி இரசனை விதியாயிற்று. முற்போக்கு என்னும் சொல் அதனைத் தூய்மைப்படுத்திவிடாது. இதிலிருந்து, மதிப்பீட்டையே கைவிடவேண்டும் என்ற பாடத்தை நாம் பெறலாகாது. காரணங் கூறி, மறுகாரணம் கேட்டு, வேண்டுமிடத்து மாற்றிக்கொள்ளப்படுவதே மதிப்பீடு. வினாவுக்கு இடமளியாத கட்டளை எக்கொடியின் கீழ் வெளிவந்தாலும் அது இரசனையின் கொடுங்கோலே.

இரசனைக்கு உரிய இடத்தையும் நாம் மறுக்கவில்லை. ஒரு பாட்டு நம்மைத் தொட்டது என்பது ஆராய்ச்சியின் தொடக்கம். அத்தொடக்கம் இல்லாதவனிடம் எத்துணை சாஸ்திரம் இருந்தும் பயனில்லை. இரசனை சாட்சியாக வரட்டும். அதன் கூற்றைக் கேட்போம், குறுக்கு விசாரணையும் செய்வோம். நீதிபதியின் ஆசனத்தை மட்டும் அதற்கு அளிக்கவேண்டியதில்லை.

ஆசிரியர்களின் பணி இங்குதான் தொடங்குகின்றது. மாணவன் 'பிடித்திருக்கிறது' என்று கூறும்போது 'பாட்டின் எவ்விடத்தில், எதனால்?' என்று கேட்போம். அவன் ஒருபோதும் செவிகொடுக்காத இசையையும் அவன்முன் வைப்போம். கீர்த்தனையோடு கூத்துப்பாட்டையும், நாகசுரத்தோடு பறையையும், திரைப்பாட்டோடு அயல்நாட்டிசையையும் கேட்கச் செய்வோம். சந்தை அவனுக்குத் தெரிவு செய்து கொடுத்ததையே தன் சொந்தத் தெரிவு என்று அவன் நம்பிவிடாதிருக்க இதுவே வழி. தன் விருப்பத்துக்குக் காரணங்கூறப் பயின்ற செவி, பிறர் கட்டளைக்கும் காரணங் கேட்கும்.