நிரபராதிகளின் இலக்கியம்

தமிழில் சிறை இலக்கியம் வளமாக இருப்பதாகச் சென்ற மாதம் வீரபாண்டியில் நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடிய இடத்தில் ஒருவர் சொன்னார். வளம் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நூல்களை அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறபோது ஒன்று உறுத்துகிறது. ஏறத்தாழ எல்லாமே, உள்ளே இருந்திருக்கக் கூடாதவர்கள் எழுதியவை: தேசபக்தர், கட்சிக்காரர், செய்யாததற்கு மாட்டியவர். சுவரைப் பார்த்து, 'நான் எப்படி இங்கே?' என்று கேட்கிறார்கள். 'இந்தச் சுவர் எதற்கு இங்கே?' என்று கேட்கிறவர்கள் சொற்பம். சிறை ஒழிப்பு என்ற சொல்லை இப்போது நம்மவர்களும் அயல் புத்தகங்களிலிருந்து எடுத்துப் புழங்க ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் தன் சொந்தக் குரலில் சொல்லக்கூடியவன் யார் என்பதுதான் என் பிரச்சினை.

வ.உ.சி.யிலிருந்து தொடங்கலாம். 1908இல் தண்டனை, கோவைச் சிறையில் செக்கு, 1912 டிசம்பரில் விடுதலையானபோது எதிர்கொள்ள வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இந்தக் கடைசி விவரத்தில் நாம் வெட்கப்படுகிறோம், சரி. ஆனால் செக்கைப் பற்றி நாம் பேசுகிற விதத்தைக் கவனியுங்கள். வக்கீல் இழுத்தார், கப்பலோட்டியவர் இழுத்தார், தியாகி இழுத்தார். மாடு இழுக்க வேண்டியதை ஒரு மனிதன் இழுத்தான் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதே மாதிரியான கடுங்காவலில் கிடந்த கன்னக்கோல்காரனுக்கு நம் துக்கத்தில் இடம் கிடையாது. அவன் இழுத்திருந்தால் அது நியாயமான செக்கு. செக்கு நினைவுச் சின்னமாகிவிட்டது. கடுங்காவல் தண்டனை சட்டப் புத்தகத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது.

இந்த வரிசையிலிருந்து விலகுகிறவை இரண்டு நூல்கள். தூக்குத் தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு மீண்ட கம்யூனிஸ்ட் சி.ஏ. பாலனின் 'தூக்குமர நிழலில்' ஒன்று. மற்றது, நக்சல்பாரி இயக்கத்தில் சேர்ந்து கொலை வழக்கில் தூக்குத் தண்டனையும் பிறகு ஆயுள் தண்டனையும் பெற்ற தியாகுவின் 'சுவருக்குள் சித்திரங்கள்'. மார்க்ஸின் மூலதனத்தைச் சிறைக்குள்ளேயே தமிழாக்கியவர் தியாகு. அந்த ஒன்றுக்காகவே அவரைக் கொண்டாடிவிட்டு, இந்தப் புத்தகத்தை ஜூனியர் விகடன் தொடர்தானே என்று நம் சிறுபத்திரிகை மனம் ஒதுக்கிவைத்தது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த திமிரில் நானும் ஒதுக்கியவன்தான். பத்திரிகைத் தொடருக்குரிய பலவீனங்கள் அதில் உண்டு. வாசகனை நெகிழவைக்க வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது. ஆயினும் அதில் நடக்கும் ஒரு காரியம் வேறெங்கும் நடக்கவில்லை. எழுதுகிறவர் அரசியல் கைதி. எழுதப்படுகிறவர்களோ சாதாரணக் கொலைக் கைதிகள், கயிற்றுக்குக் காத்திருப்பவர்கள். 'நான்' பின்னால் நகர்ந்து 'இவன்' முன்னால் வருகிறான். இவன் தப்பு செய்யவில்லை என்று அந்தப் புத்தகம் வாதாடிக்கொண்டிருப்பதில்லை. செய்தவனையும் நம்மால் பார்க்க முடிகிறதா என்றுதான் கேட்கிறது.

அந்தக் கேள்வி பிறகு எங்கே போயிற்று? 1991 ஜூன் 11 அன்று பிடிக்கப்பட்டபோது பேரறிவாளனுக்கு வயது 19. 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அந்தத் தீர்ப்புக்கு எதிராகத் தமிழ்நாட்டில் எழுந்த குரல் முதலில் தூக்கே கூடாது என்ற குரலாகத்தான் இருந்தது. மேல்முறையீட்டில் எண்ணிக்கை குறையக் குறைய, கேள்வியும் சுருங்கிற்று. பாட்டரி எதற்கு என்று தெரியாது என அவர் சொன்னதைத் தான் வாக்குமூலத்தில் எழுதவில்லை என்று 2013இல் ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரியே சொன்னபின், எல்லாம் அந்த பாட்டரியைச் சுற்றியே நின்றது. அற்புதம்மாள் மகனுக்காக நடந்த நடையைக் குறைத்துப் பேச எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை; மரண தண்டனையே வேண்டாம் என்று பேசுகிறவர் அவர். நான் சொல்வது நம்மைப் பற்றி. 2022 மே 18இல் பேரறிவாளனும் நவம்பர் 11இல் மற்ற ஆறு பேரும் விடுதலையானதும் நம் சிறை பற்றிய கவலை முடிந்துவிட்டது. விடுதலையானவர்களில் இலங்கைத் தமிழர் நால்வர் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊர் திரும்பாமலே 2024 பிப்ரவரி 28இல் சாந்தன் சென்னை மருத்துவமனையில் செத்துப்போனார். அந்த முகாமுக்குச் சிறை என்று பெயரில்லை. அதனால் நம் கோஷத்திலும் அது இல்லை.

ஃபூக்கோவைப் பற்றி இங்கே நிறைய எழுதியாகிவிட்டது; அவர் செய்ததைப் பற்றிக் குறைவு. 1971 பிப்ரவரி 8இல் பாரிஸில் அவரும் நண்பர்களும் அறிவித்த சிறைத் தகவல் குழு, மாவோயிஸ்ட் கைதிகளின் பட்டினிப் போராட்டத்தை ஒட்டிப் பிறந்தது. அரசியல் கைதி அந்தஸ்து வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. குழுவோ சாதாரணக் கைதிகளிடம் போய் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டது. 1972இன் இறுதியில் வெளியே வந்த கைதிகளே தங்கள் அமைப்பைத் தொடங்கியபோது அறிவாளிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். அதன் முன்னணியில் நின்ற செர்ஜ் லிவ்ரோஸே இரும்புப் பெட்டி உடைத்து உள்ளே போனவர். நிரபராதி என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் புத்தகத்துக்கு ஃபூக்கோ முன்னுரை எழுதினார். முன்னுரையோடு நிறுத்திக்கொண்டது ஓர் அறிவாளிக்குப் பெரிய காரியம்.

நம் நாட்டில்? மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் ஒன்பது ஆண்டுகள் உள்ளே இருந்து 2015இல் விடுதலையான ஆசிரியர் அப்துல் வாஹித் ஷேக், உள்ளே விட்டுவந்த மற்றவர்களுக்காக உருதுவில் புத்தகம் எழுதி, ஆட்களைத் திரட்டி, பத்தாண்டுகள் அலைந்தார். 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் மற்ற பன்னிரண்டு பேரையும் விடுவித்தது; அதில் ஒருவர் அதற்கு முன்பே சிறையில் இறந்திருந்தார். மகத்தான உழைப்பு. அந்தப் புத்தகத்தின் தலைப்பும் 'குற்றமற்ற கைதி' என்றுதான் பொருள்படும்.

இந்தியச் சிறை எழுத்தில் ஆகச் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால் ஒரு கடிதத்தைச் சொல்வேன். திகார் சிறையில் கொலைக்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த சுனில் பாத்ரா உச்ச நீதிமன்றத்துக்கு எழுதியது. தன் தண்டனையைப் பற்றி எழுதவில்லை. பிரேம் சந்த் என்ற இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி எழுதினார். கிருஷ்ணய்யர் அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றார். 1979 டிசம்பரில் தீர்ப்பு. 1948இல் தானும் ஒரு மாதம் உள்ளே இருந்தவர் கிருஷ்ணய்யர் என்பது தற்செயலாகவே இருக்கட்டும்.

நான் உட்கார்ந்திருப்பது வங்கிக் கவுண்டரில். அங்கே ஜாமீன் என்றால் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர். கோர்ட்டிலும் அதே சொல்தான். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே விசாரணைக் கைதிகள். அவர்களில் ஜாமீன் உத்தரவு கிடைத்தும் கையெழுத்துப் போட ஆளில்லாமல் கிடப்பவர்கள் உண்டு. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாருக்கு நேர்ந்தது அது: ஜாமீன்தாரரான சகோதரரின் சொத்து வேறு ஜில்லாவில் இருப்பதாகச் சொல்லி மாஜிஸ்திரேட் மறுத்தார். அதையும் கிருஷ்ணய்யர்தான் கண்டித்தார். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பையன்கள் வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் எங்கள் ஊரில் அது பழங்கதை ஆகவில்லை.

பவர்டேபிள் ஒன்றில் அயர்ன் மாஸ்டராக இருப்பவர், எங்கள் வாடிக்கையாளர், சென்ற வாரம் கவுண்டர் மூடுகிற நேரத்தில் வந்தார். ஏழு வருஷம் உள்ளே இருந்தவர் என்பது எனக்குத் தெரியும், அவரே சொன்னதுதான். ஒரிசாக்காரப் பையன், செல்போன் திருட்டு வழக்கு, உத்தரவு வந்து நாற்பது நாள் ஆகிறது, இரண்டு ஜாமீன் வேண்டும் என்றார்.

"வெளிய வந்தவங்க நாங்க நாலு பேரு இருக்கறமுங்க சார். சனிக்கெழம சம்பளத்துல ஆளுக்கு எரநூறு எடுத்து வெச்சு வக்கீலுக்குக் குடுத்தர்றோம். இதோட மூணாவது பையனுங்க. எங்க கையெழுத்த கோர்ட்ல எடுக்கமாட்டாங்க. நீங்க வீட்டு வரி ரசீது கொண்டாந்தாப் போதுமுங்க."

மேலே எழுதியிருப்பதையெல்லாம் நண்பர்களிடம் பேசி முடித்து இருபது நாள் ஆகியிருக்கவில்லை. என் வாயில் வந்த முதல் கேள்வி: "பையன் நெஜமாவே எடுத்தானுங்களா?"

"அத நாங்க கேக்கறதில்லீங்க சார்" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். வீட்டு வரி ரசீது அப்பா பேரில் இருக்கிறது. அவரிடம் இன்னும் பேசவில்லை.