நன்றியும் புதிய அடையாளமும்: பேராக் தோட்டப்புறப் பின்னணியில் இரட்சணிய யாத்திரிகம்

முன்னுரை

கிறித்தவ நெறியை ஏற்றவர், தாம் பெற்ற புதுவாழ்வுக்காக இறைவனுக்கு நன்றி நவிலுதல் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் அடிப்படைப் பாடுபொருள்களுள் ஒன்றாகும். தேவாலயங்களில் ‘சாட்சி’ என வழங்கும் வாய்மொழிக் கூற்று முதல் காப்பியம் வரை இப்பொருள் பரந்து கிடக்கிறது. இந்நன்றி பழைய அடையாளத்தை இகழ்ந்துதான் எழ வேண்டுமா என்னும் வினாவை, எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பேராக் மாநிலத் தோட்டப்புற வாழ்வு இவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

பெயரும் அடையாளமும்

கிருஷ்ணப் பிள்ளை நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய பின், 1858ஆம் ஆண்டு சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அப்போது ‘ஹென்றி ஆல்பிரட்’ என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. ஆயினும் ‘கிருஷ்ண’ என்னும் திருமாலின் பெயர் நீங்கவில்லை. புதியதும் பழையதும் ஒரே கையொப்பத்தில் அருகருகே நின்றன.

இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. இதன் மூலம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை உருவகக் கதையாகும். அக்கதையின் பயணி முன்னர் வேறு பெயர் உடையவன். சிலுவையடியில் அவனது பாவச்சுமை கழன்று விழுகிறது. கந்தல் களைந்து புத்தாடை பெறுகிறான். புதிய அடையாளம் இங்குப் பெயராகவும் ஆடையாகவும் உருப்பெறுகிறது. கிருஷ்ணப் பிள்ளை இதனை வெறுமனே மொழிபெயர்த்தாரல்லர். ஐந்து பருவங்களாக வகுத்து, படலங்களில் அமைத்து, கம்பனின் விருத்த நடையில் காப்பியமாக்கினார். இடையிடையே பக்தி இசைப்பாடல்களையும் அமைத்தார். புதிய இறைவனுக்குரிய நன்றியைப் பழைய மொழியே சுமந்து சென்றது.

இந்துக்களாகிய வாசகரை ஈர்க்கும் உத்தியே இது என்பாரும் உளராகலாம். அக்கருத்து முழுமையானதன்று. இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்த ஒருவருக்கு அந்நடை மாற்றி அணியத்தக்க ஆடையன்று, நாவே அதுதான். வள்ளுவர் ‘செய்ந்நன்றியறிதல்’ என அதிகாரத் தலைப்பிட்டதும் ஈண்டுக் கருதத்தக்கது. நன்றி என்பது நன்மை. அறிதல் நினைவின் செயல். மொழி தந்தவரை மறந்து இறைவனை மட்டும் நினைப்பது அரைகுறை நன்றியே எனலாம்.

லயமும் யாத்திரையும்

பேராக்கில் தமிழ்க் கிறித்தவர் வரலாறு நெடியது. பாகான் செராயில் 1882ஆம் ஆண்டளவில் தமிழ்க் கத்தோலிக்கருக்கெனக் குடியிருப்பு ஒன்று உருவாயிற்று. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஈப்போவிலும் கத்தோலிக்க, மெதடிஸ்ட் சபைகளில் தமிழ் வழிபாடு வேரூன்றியது. தோட்டத்தில் தொழிலாளியின் அடையாளம் அக்காலத்தில் பெரும்பாலும் கங்காணியின் ஆள் என்பதும், விடியற்காலைப் பெரட்டில் அழைக்கப்பட்ட பெயர் என்பதுமாகவே இருந்தது. அத்தகையவர் ‘நான் கடவுளின் பிள்ளை’ எனச் சொல்லி நன்றி கூறும்போது, அச்சொல் பாவமன்னிப்பை மட்டுமன்றி மனித மதிப்பையும் குறிக்கின்றது.

இவ்விடத்தில் காப்பியத்தின் எல்லையும் புலப்படுகிறது. ‘பிள்ளை’ என்னும் சாதிப்பட்டத்தையும் ஆசிரியர் விடவில்லை. இழப்பதற்குக் குலப்பெருமை உடையவரின் நன்றியும், குலத்தால் இழிவுபடுத்தப்பட்டவரின் நன்றியும் ஒன்றல்ல. முன்னவர்க்குப் பழைய பெயர் செல்வம்; பின்னவர்க்கு அது காயமாகவும் இருக்கக்கூடும். ஆகவே, பழையதைப் பேணுக என எல்லார்க்கும் பொதுவாக விதித்தல் பொருந்தாது. தம்மைத் தாழ்த்திய அடையாளத்தைத் துறப்பதும் நன்றியின் ஒரு முகமே.

எனினும், துறத்தல் வேறு. உறவை இகழ்தல் வேறு. பனியனின் பயணி மனைவி மக்களின் குரல் கேளாதவாறு செவி பொத்தி ஓடுகிறான். லயத்தில் அவ்வாறு ஓடுதல் இயலாது. ஒரு சுவருக்கு இப்பால் செபம். அப்பால் மாரியம்மன் திருவிழா விரதம். மூத்த மகன் திருமுழுக்குப் பெற்றிருக்க, தாய் மறைந்தால் கொள்ளி வைப்பவர் யார் என்பது ஏட்டுச் சிக்கலன்று. குடும்பத்தின் கண்ணீரோடு கூடிய வினா. தாயின் கடவுளை இருளென்று மட்டும் கூறும் சாட்சி, தன்னை வளர்த்த கையையும் அவ்விருளில் தள்ளிவிடுகிறது.

முடிவுரை

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போக, லயங்களில் வாழ்ந்தோர் பலர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். இவர்தம் பிள்ளைகள் பயிலும் வகுப்பில் இரட்சணிய யாத்திரிகத்தை மதநூலாக ஒதுக்காமலும் கம்பன் வழிநூலாகச் சுருக்காமலும் கற்பித்தல் தமிழாசிரியர் கடனாகும். புதிதாய்ப் பிறந்தேன் என்று பாடுவதற்கும் தாய் தந்த மொழியே வேண்டியிருந்தது என்பதே அந்நூல் உணர்த்தும் உண்மையாகும்.