டிராகன் தோல் கையுறை: ஹாரி பாட்டர் வரிசையும் தமிழ்ச் சிறார் மிகுபுனைவும்

ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசை 1997 முதல் 2007 வரை வெளிவந்த ஏழு நாவல்களைக் கொண்டது. மந்திரவாதிகளையும் டிராகன்களையும் பழங்கால அரண்மனைகளில் விடாமல் ரயில் நிலையமும் தொலைபேசிக் கூண்டும் உள்ள இன்றைய இங்கிலாந்துக்குள் கொண்டுவந்தது இதன் சிறப்பு. தமிழில் முதல் நாவல் பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்ற பெயரில் வெளியானது. இவ்வரிசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நட்பு, தாயன்பு, மரணம் ஆகியவற்றைப் பேசுவர். இக்கட்டுரை அதில் வரும் டிராகனை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் பதனிடும் ஊர்களில் இருந்து இந்நாவல்களைப் படிக்கும் ஒரு மாணவருக்கு அந்த விலங்கு வேறு விதமாகத் தெரியக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

முதல் நாவலில் பள்ளியில் சேரும் ஹாரிக்கு வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்று வருகிறது. மந்திரக்கோல், கொப்பரை, தொலைநோக்கி ஆகியவற்றோடு டிராகன் தோலிலோ அதைப் போன்ற தோலிலோ செய்த ஒரு ஜோடிக் கையுறையும் அதில் உண்டு. வாசகர்கள் ஒரு புன்னகையோடு கடந்துவிடும் இடம் இது. தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு அடுத்த கேள்வி தானாகவே எழும்: அந்தத் தோலை உரித்தது யார், பதனிட்டது எங்கே?

டிராகன் என்னும் கால்நடை

ஐரோப்பியக் கதைமரபில் டிராகன் என்பது புதையலைக் காக்கும் பகை. வீரன் அதைக் கொல்வான், அல்லது அதனிடம் சாவான். டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) நாவலில் வரும் ஸ்மாக் அந்த மரபின் கடைசிப் பெரிய வாரிசு எனலாம். ஸ்மாக் பேசும், ஏமாற்றும், தற்பெருமை கொள்ளும். ரௌலிங்கின் டிராகன் பேசுவதில்லை. அதற்குத் தீய எண்ணமும் இல்லை. அது ஒரு விலங்கு. சட்டம் அதை விலங்காக நடத்துகிறது: 1709ஆம் ஆண்டு முதல் வீட்டில் டிராகன் வளர்ப்பது மந்திரவாதிகளிடையே தடைசெய்யப்பட்டிருக்கிறது. ருமேனியாவில் அவற்றுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது. ரான் வீஸ்லியின் அண்ணன் சார்லி அங்கே வேலை பார்க்கிறார். ஹங்கேரி, சுவீடன், வேல்ஸ், சீனா என்று ஊர்ப் பெயரோடு இன வகைகள் சொல்லப்படுகின்றன. காங்கேயம், உம்பளச்சேரி என்று நாம் மாட்டினங்களைச் சொல்வதைப் போன்றதே இது.

விலங்கு என்றால் அதற்குப் பயன் இருக்கவேண்டும். ரௌலிங் இதில் ஒரு தோல் வியாபாரியின் கணக்கோடு எழுதியிருக்கிறார். டிராகனின் இதய நரம்பு மந்திரக்கோலுக்குள் போகிறது. இரத்தத்துக்குப் பன்னிரண்டு பயன்களைக் கண்டுபிடித்ததால் டம்பிள்டோர் புகழ்பெறுகிறார். மந்திரவாதிகளின் கடைத்தெருவில் ஒரு பெண் டிராகன் ஈரலின் விலையைக் கேட்டுப் புலம்புகிறாள். அடிபட்ட முகத்தோடு வரும் ஹேக்ரிட் வீக்கத்தின்மேல் டிராகன் இறைச்சித் துண்டை வைத்து ஒற்றிக்கொள்கிறார். கடை வைத்துப் பணக்காரர்களான இரட்டையர்கள் டிராகன் தோல் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதன் சாணம்கூட வீண்போவதில்லை. நார்வேயிலிருந்து வந்த உர மாதிரி என்று சொல்லி அதைப் பெர்சிக்கு அனுப்பிவைத்துக் கேலி செய்கிறார்கள். கொம்பு முதல் குளம்பு வரை எதையும் வீணாக்காத ஒரு வணிகம் இது. ஆட்டையும் மாட்டையும் இதே கண்ணோடு பார்த்து வாழ்ந்துவரும் வேலூர் வட்டாரத்துக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ரௌலிங்கின் மந்திர உலகம் நம்பத்தக்கதாக இருப்பதற்கு இந்தச் சிறு விவரங்களே முதற்காரணம் என்பது என் கருத்து. வானில் பறக்கும் விளக்குமாறு எந்தக் கதையிலும் வரும். ஈரல் விலை ஏறிவிட்டதே என்ற புலம்பல் வந்தவுடன்தான் அந்தக் கடைத்தெரு உண்மையான கடைத்தெருவாகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பக்கம் எழுதப்படவில்லை. கையுறை இருக்கிறது, சட்டை இருக்கிறது. பதனிடும் இடம் ஏழு நாவல்களில் எங்கும் கதைக்களமாக வருவதில்லை. தோலை உப்பில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடி நீக்கி, சவ்வு வழித்து எடுப்பவர் எவரும் இல்லை. அந்தத் தொட்டிகளின் நீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்பதும் இல்லை. மந்திரக்கோலால் அசைத்தவுடன் எல்லாம் துப்புரவாகிவிடும் உலகில் கழிவு என்ற ஒன்றே கிடையாது. நவீன உலகத்தைக் கதைக்குள் அழைத்த ஆசிரியர் அதன் கடைத்தெரு, வங்கி, அமைச்சகம், செய்தித்தாள் எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டு தொழிற்சாலையை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

வங்கியின் அடியில் இருந்தது

இந்த விமர்சனத்துக்கு ரௌலிங்கே ஓரளவு பதில் வைத்திருக்கிறார். கடைசி நாவலில் கிரிங்காட்ஸ் வங்கியின் நிலவறையில் ஒரு டிராகன் காவலுக்குக் கட்டப்பட்டிருக்கிறது. பல காலம் இருட்டில் கிடந்ததால் அதன் செதில்கள் வெளுத்து உதிர்கின்றன. கண்களில் பார்வை ஏறக்குறைய இல்லை. காலில் விலங்கு. உலோகக் கருவிகளைக் குலுக்கி ஓசை எழுப்பினால் அது நடுங்கிப் பின்வாங்கும், ஏனென்றால் அந்த ஓசைக்குப் பிறகு வலி வரும் என்று அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. முகமெங்கும் வெட்டுத் தழும்புகள். ஏழு நாவல்களிலும் உழைப்பின் கொடுமையை இவ்வளவு நேராகக் காட்டிய பக்கங்கள் மிகக் குறைவு. புதையலைக் காக்கும் பழைய டிராகன் இங்கே கூலி இல்லாத காவலாளி ஆகிவிட்டது.

ஹாரி அதன் சங்கிலியை அறுக்கிறான். மூவரும் அதன் முதுகில் ஏறித் தப்பிக்கிறார்கள். ஓர் ஏரியின் மேல் பறக்கும்போது குதித்துவிடுகிறார்கள். டிராகன் தன் வழியில் போகிறது. அதற்கு என்ன ஆகும் என்று கவலைப்படுபவன் ரான். அது தன்னைப் பார்த்துக்கொள்ளும், நாம் நம்மைப் பார்ப்போம் என்ற பொருளில் பதில் சொல்பவள் ஹெர்மயனி. வீட்டு வேலை செய்யும் குட்டிச் சாத்தான்களுக்கு உரிமை வேண்டும் என்று நான்காம் நாவலில் சங்கம் அமைத்து, பேட்ஜ் குத்தி, எல்லோருடைய கேலியையும் தாங்கிக்கொண்ட அதே ஹெர்மயனி. பேசத் தெரிந்த அடிமைக்காகப் போராடியவள் பேசத் தெரியாத அடிமையை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறாள். ஆசிரியர் இதை முரண்பாடாகக் காட்ட நினைத்தாரா என்பதற்கு நாவலில் தடயம் இல்லை. கதைக்கு அவசரம், அவ்வளவுதான்.

பட்டணத்துக்கு வந்த பூதம்

தமிழில் நிலைமை வேறு. அம்புலிமாமா 1947இல் தொடங்கியது முதல் பல தலைமுறைகளுக்கு மந்திரவாதி என்றால் அவன் வில்லன். எலும்பு மாலை, மண்டையோட்டுக் கோல், குகை. அவன் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளியின் உடலில் இருக்கும். (வோல்டமார்ட் தன் உயிரைத் துண்டுகளாக்கி ஒளித்துவைத்த இரகசியம் வெளிப்பட்டபோது உலகமே வியந்தது, கிளியின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அவ்வளவு வியந்திருக்க மாட்டார்கள்.) தாசரி சுப்பிரமணியம் அதன் தெலுங்குப் பதிப்பான சந்தமாமாவில் எழுதிய தொடர்கதைகளும், சங்கரும் சித்ராவும் வரைந்த படங்களும் ஒரு முழுமையான மாய உலகைத் தந்தன. ஆனால் அந்த உலகில் எப்போதும் ஒரு ராஜா இருந்தார். மின்கம்பம் இல்லை, பேருந்து இல்லை. குழந்தை படித்து முடித்து நிமிர்ந்தால் தெருவில் அதன் சாயல் எதுவும் கிடையாது.

நம் காலத்துக்குள் நுழைந்த மாய உயிர் என்றால் அது பூதம்தான். ஜெய்சங்கர், நாகேஷ் நடித்த 'பட்டணத்தில் பூதம்' (1967) படத்தில் ஜாவர் சீதாராமன் ஏற்ற ஜீபூம்பா இன்றும் பெயரளவிலாவது நினைவில் இருக்கிறது. எஃப். ஆன்ஸ்டியின் ஆங்கிலக் கதையில் இருந்து வந்த சரக்கு அது. 2000களில் சன் தொலைக்காட்சியின் 'மை டியர் பூதம்' தொடரில் மூசா பள்ளிப் பிள்ளைகளோடு விளையாடியது. இரண்டிலும் பூதம் கேட்டதைக் கொடுக்கும் வேலைக்காரன். கொடுத்த பொருள் எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. ரௌலிங்கிடம் கையுறைக்கு விலையாவது இருந்தது. பூதத்திடம் அதுவும் இல்லை.

வாண்டுமாமா (1925–2014) எழுத்தில் சாகசமும் மாயமும் ஏராளம். ஜெயமோகனின் 'பனிமனிதன்' இமயத்து எட்டியை எடுத்துக்கொண்டு அறிவியலையும் தத்துவத்தையும் தொட்டது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைச் சிறார் புனைவுக்குள் கொண்டுவந்து 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது பெற்றது. இவை நல்ல முயற்சிகள். இருந்தும் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது: அதிசயம் நடக்கவேண்டுமானால் குழந்தை பனிமலைக்கோ காட்டுக்கோ கடந்த காலத்துக்கோ போகவேண்டும். சிப்காட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அதிசயம் நடக்காது. டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களை வைத்து 'தோல்' நாவலை எழுதி, 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பெரியவர்களின் யதார்த்தவாதம் நுழைந்த அந்த இடத்துக்குச் சிறார் மிகுபுனைவு வரத் தயங்குகிறது.

குழந்தைகளுக்கு எழுதும்போது கழிவும் நாற்றமும் எதற்கு என்று கேட்கலாம். கனவு காண வந்த பிள்ளையிடம் சாக்கடையைக் காட்டுவது கொடுமை இல்லையா? இந்தக் கேள்வியில் ஒரு தவறான அனுமானம் இருக்கிறது. அந்தப் பிள்ளை சாக்கடையை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

ஆறாக இருந்த டிராகன்

ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' (2001) திரைப்படம் இங்கே பேசப்படவேண்டும். தேவர்கள் குளிக்க வரும் ஒரு குளியல் விடுதியில் சிஹிரோ என்ற பத்து வயதுச் சிறுமி வேலைக்குச் சேர்கிறாள். ஒரு நாள் தாங்கமுடியாத நாற்றத்தோடு சேறாக ஒரு பேய் வருகிறது. அதன் உடலில் ஏதோ குத்திக்கொண்டிருப்பதைச் சிஹிரோ கண்டு, எல்லோரும் சேர்ந்து இழுக்க, ஒரு மிதிவண்டி வருகிறது. அதன் பின்னால் குப்பை மலையாகக் கொட்டுகிறது. வந்தது பேய் இல்லை, ஓர் ஆற்றின் தெய்வம். அவளுடைய நண்பன் ஹாக்கு ஒரு வெள்ளை டிராகன். தன் பெயரை மறந்தவன். கடைசியில் அவளுக்கு நினைவு வருகிறது: அவன் அவள் சிறுவயதில் தவறி விழுந்த ஆறு. அந்த ஆற்றைத் தூர்த்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள்.

ரௌலிங் விட்ட பக்கத்தை மியாசாகி எழுதியிருக்கிறார் என்று சொல்லலாம். கீழை நாட்டு மரபில் டிராகன் நீரின் உயிர் என்பது அவருக்குக் கைகொடுத்தது. குழந்தை பயப்படவும் செய்கிறது, சிரிக்கவும் செய்கிறது, ஆறு போனது ஏன் என்பதும் அதற்குப் புரிகிறது. பிரசங்கம் ஒரு சொல்கூட இல்லை.

இராணிப்பேட்டைக்கு இந்தக் கதை தொலைவில் இல்லை. முன்பு இவ்வட்டாரத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். குரோம் முறை வந்தபின் தொட்டிக்குள் போகும் வெள்ளைத் தோல் வெளிர்நீலமாக வெளியே வருகிறது. முதன்முறை பார்க்கும் எவருக்கும் அது மாயவித்தை போலவே இருக்கும். அந்த மாயத்துக்கான உப்பைச் செய்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசியும். 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது. 2015 ஜனவரி 31 அன்று சிப்காட்டில் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தனர். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்ற பழமொழிக்கு இந்த ஊரில் உவமைப் பொருள் தேவைப்படாது.

இந்த வேலைதான் இவ்வட்டாரத்துக்குச் சோறும் போடுகிறது. காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளைப் பார்த்தவர்கள் தொழிற்சாலையை வெறும் அரக்கனாக எழுதிவிட முடியாது. அரக்கனாக எழுதினால் வீரன் வந்து கொன்றுவிட்டுப் போவான். மறுநாள் அந்தப் பேருந்துகள் காலியாக நிற்கும். கொல்லவும் முடியாத, கும்பிடவும் முடியாத ஓர் உயிர்தான் இங்கே டிராகனாக இருக்கமுடியும். எழுதுவதற்குக் கடினம், ஆனால் ஸ்மாக்கைவிடச் சுவையானது.

உருவத்துக்கும் பஞ்சமில்லை. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் விஜயநகரக் காலத்து யாளிகள் முன்னங்கால் தூக்கி நிற்கின்றன, முதுகில் வீரர்களோடு. யாளி நம் சிற்பத்தில் எங்கும் இருக்கிறது. கதைகளில் அதற்குரிய இடம் மிகச் சிறியது. பெயரும் குணமும் ஊரும் உள்ள யாளி ஒன்று சிறுவர் நாவலில் நடமாடினால், பள்ளிச் சுற்றுலாவில் அந்த மண்டபத்துக்கு வரும் பிள்ளை தூணைத் தொட்டுப் பார்க்கும் விதமே மாறும்.

ஆறும் இருக்கிறது. நந்தி மலைப்பகுதியில் பிறந்து மூன்று மாநிலங்களைக் கடந்து வயலூர் அருகே கடலில் சேரும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். இங்குள்ள பிள்ளைகள் அதைக் கிரிக்கெட் ஆடும் இடமாகவே அறிவார்கள். 2021 நவம்பரில் அந்த மணல்மேல் கரை தொட்டு வெள்ளம் வந்தது. பாலங்களின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தோளில் குழந்தையை ஏற்றிக்கொண்டு, இதுதான் ஆறு என்று பெரியவர்கள் காட்டினார்கள்.