கத்தரியிலிருந்து தொடங்கும் இடைக்காலம்

ஐரோப்பிய இடைக்காலத்தின் உடைகளையும் கவசங்களையும் இன்று புதிதாகச் செய்து அணிவது, வார இறுதிப் பொழுதுபோக்காகத் தொடங்கி, தனக்கென நூல்களும் கைவினைஞர்களும் சந்தையும் கொண்ட துறையாக வளர்ந்துவிட்டது. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புற விருந்தில் பிறந்த 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' அதன் அமெரிக்க வேர். அந்த அமைப்பினர் பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் கூடும் 'பென்சிக் போர்' என்ற விழாவுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். போலந்தில், 1410இல் நடந்த கிருன்வால்ட் போரை ஒவ்வொரு ஜூலையிலும் மீண்டும் நிகழ்த்திக் காட்டுகிறார்கள். சுவீடனின் விஸ்பி நகரில் 1984 முதல் ஆகஸ்டில் ஒரு வாரம் இடைக்காலத்துக்கென்றே ஒதுக்கப்படுகிறது. அமெரிக்கக் குழுக்களின் முதல் தலைமுறையினர் தரைவிரிப்பை வெட்டிக் கவசமாகக் கட்டிக்கொண்டார்கள். இன்று கண்டிப்பான ஒரு குழுவில் சேர வருபவர் தன் சட்டையின் தையல் ஒவ்வொன்றுக்கும் அகழாய்வுச் சான்று காட்ட வேண்டும்.

அந்தச் சான்றுகள் பெரும்பாலும் சில இடங்களிலிருந்தே வருகின்றன. கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஸ்னெஸ் இடுகாட்டில், உறைந்த மண்ணிலிருந்து டேனிய அறிஞர் பௌல் நோர்லுண்ட் 1921இல் எடுத்த கம்பளி உடைகள் முதலாவது. டென்மார்க் மன்னன் நான்காம் வால்டெமாரின் படையிடம் 1361 ஜூலையில் மடிந்த கோட்லாந்து விவசாயிகள் விஸ்பியின் மதிலுக்கு வெளியே பொதுக் குழிகளில் புதைக்கப்பட்டார்கள். கோடை வெயிலில் பிணங்களிலிருந்து கவசங்களைக் கழற்றக்கூட அவகாசம் இருக்கவில்லை. அந்தக் குழிகள் தந்த கவசங்களை பெங்க்ட் தோர்டெமன் 1939இல் விரிவாகப் பதிப்பித்தார். தேம்ஸ் கரைச் சேற்றிலிருந்து வந்த லண்டன் துணித் துண்டுகளும், 2008இல் ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் ஒரு தளத்தின் அடியில் கிடைத்த 15ஆம் நூற்றாண்டு உள்ளாடைகளும் இந்த வரிசையில் சேரும்.

இவற்றைப் பார்த்துச் செய்து அணிந்ததால் விளைந்த பயன் உண்மையானது. வீரனைப் பாரந்தூக்கியால் தூக்கிக் குதிரைமேல் வைத்தார்கள் என்ற கட்டுக்கதை 1944ஆம் ஆண்டின் 'ஐந்தாம் ஹென்றி' திரைப்படத்திலும் இடம்பெற்றது. அளவெடுத்துச் செய்த தகட்டுக் கவசத்தை அணிந்து ஓடியும் குட்டிக்கரணம் போட்டும் காட்டி அதை உடைத்ததில் இந்த ஆர்வலர்களுக்கும் பங்கு உண்டு. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 30 முதல் 50 கிலோ எடையுள்ள கவசப் பிரதிகளை அணிந்து பழகியவர்களை ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்து, நடைக்கும் ஓட்டத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் செலவாவதை அளந்தார்கள். பிரதி செய்பவர்கள் இல்லாமல் அந்த அளவீடு நடந்திருக்காது. துணிப் பொத்தான் எப்படி இறுக்கித் தைக்கப்பட்டது, கைக்குழி எந்த வளைவில் வெட்டப்பட்டால் கை தடையின்றி உயரும் என்பவற்றிலும் செய்து பார்த்தவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது.

இந்த வெற்றிகளின் பலத்தில்தான் இப்போது ஒரு பெரிய வாதம் முன்வைக்கப்படுகிறது. இது வேடமல்ல, செயல்வழித் தொல்லியல்; அணிந்து பார்த்தவருக்குத்தான் அந்தக் காலத்து வாழ்க்கை விளங்கும் என்கிறார்கள் ஆர்வலர்கள். அவர்களை விழாக்களுக்கு அழைக்கும் அருங்காட்சியகங்களும் அதையே வழிமொழிகின்றன. எடையும் அசைவும் கேள்வியாக இருக்கும் கவசத்தில் இந்த வாதம் ஓரளவு நிற்கிறது. உடைக்கு வந்ததும் அடித்தளமே சரிகிறது. காரணம் ஒன்றுதான். இந்தப் பொழுதுபோக்கின் இடைக்காலம் கத்தரியிலிருந்து தொடங்குகிறது. கத்தரிக்கு முன்னால் இருந்த அத்தனையும், அதாவது துணி உருவான கதை முழுவதும், ஆலையில் வாங்கப்படுகிறது.

இதை ஒரு சிறு குறை என்று ஒதுக்க முடியாது. இடைக்கால உடையின் பொருளாதாரத்தில் தையல் கடைசிச் சிறு பகுதி, துணியே முதல். கொள்ளை நோய்க்குப் பின் 1350இல் கூலிகளுக்கு உச்சவரம்பு வைத்த லண்டன் நகர நிர்வாகம், பட்டும் நயத்துணியும் சேர்த்து ஒரு கவுன் தைக்கத் தையல்காரருக்கு 18 பென்ஸ் என்று குறித்தது. 1363இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய உடைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கைவினைஞர் முழுத் துணி ஒன்றுக்கு 40 ஷில்லிங்குக்கு மேல் விலையுள்ளதை அணியக் கூடாது என்றது. முழுத் துணி என்பது சுமார் 26 கஜம். அப்படியானால் கஜத்துக்கு ஏறத்தாழ 18 பென்ஸ். ஆடம்பரக் கவுன் ஒன்றின் முழுத் தையல் கூலியும் கைவினைஞர் அணியத்தக்க துணியில் ஒரு கஜத்தின் விலையும் ஒன்றே. நாலு கஜம் பிடிக்கும் அங்கியில் துணிக்கு மட்டும் 70 பென்ஸுக்கு மேல் போகும். அந்தச் சட்டம் எதை அளந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. ஏர் ஓட்டுபவர் முதல் வீரர் வரை ஒவ்வொரு தரத்தினருக்கும் அது முதன்மையாக வகுத்தது துணியின் விலை வரம்பைத்தான். தெருவில் நடந்துவரும் ஒருவரின் தகுதியைக் கண்டுகொள்ள அன்றைய கண் பார்த்தது நெசவின் நெருக்கத்தையும், சாயத்தின் ஆழத்தையும், மேற்பரப்பின் மினுக்கத்தையும்.

அந்த விலை எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சென்டிமீட்டருக்குப் பாவில் பத்து இழை, ஊடையில் பத்து இழை உள்ள நடுத்தரக் கம்பளித் துணியை எடுத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோமீட்டர் நூல் வேண்டும். ஓர் அங்கிக்கு 4 சதுர மீட்டர் என்றால் 8 கிலோமீட்டர். கைக்கதிரில் நூற்றுப் பழகியவர் மணிக்கு 40 முதல் 50 மீட்டர் நூற்கிறார் என்பது டென்மார்க்கில் நடந்த சோதனைகளில் தெரிந்தது. மணிக்கு 50 என்றே வைத்தாலும் நூற்பதற்கு மட்டும் 160 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரம் வேறு வேலை பார்க்காமல் உட்கார்ந்தால் இருபது நாள். இராட்டை 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஐரோப்பாவுக்கு வந்து வேலையை விரைவாக்கியது உண்மை. ஆனால் ஜெர்மனியின் ஸ்பெயர் நகர விதி இராட்டை நூலை ஊடைக்கு மட்டும் அனுமதித்தது. தறியின் இழுவையைத் தாங்க வேண்டிய பாவு நூல் கதிரிலேயே நூற்கப்பட வேண்டியிருந்தது. நூற்புக்கு முன்னால் மயிர் கத்தரிப்பு, தரம் பிரிப்பு, கழுவல், சிக்கெடுப்பு. பின்னால் பாவோட்டம், நெசவு, நீரில் மிதித்துச் சுருக்கி இறுக்குதல், முள்தலைச் செடியால் மயிரை எழுப்பிப் பெரிய கத்தரியால் மழித்தல், சாயம். இத்தனைக்கும் பிறகுதான் தையல்காரர் வருகிறார். அவருக்குச் சில நாள் வேலை.

இன்றைய ஆர்வலரின் நிலை இதற்கு நேர் எதிர். அவருக்குத் துணி மலிவு, தையலுக்குச் செலவாகும் தன் ஓய்வு நேரமே அரியது. ஆகவே அவர் பெருமைப்படுவதும் மற்றவரைச் சோதிப்பதும் தையலில். உள் தையல் கையால் போட்டதா, நூல் மெழுகிட்ட லினனா, பொத்தான் துளை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்று குழுக்கள் சட்டையைப் புரட்டிப் பார்க்கின்றன. துணியைப் பற்றிய கேள்வி நூறு விழுக்காடு கம்பளியா என்பதோடு முடிந்துவிடுகிறது. கடையில் மாவு வாங்கித் தோசை வார்த்துவிட்டு ஆட்டுக்கல் காலத்துச் சமையலறையைப் புரிந்துகொண்டதாகச் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். அதே வாதம் ஐரோப்பிய விழாத் திடல்களில் ஆய்வின் மதிப்போடு உலவுகிறது.

தலைகீழான இந்தக் கணக்கு உடையின் வெட்டையே பொருளற்றதாக்கிவிடுகிறது. ஹெர்யோல்ஸ்னெஸ் அங்கி ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் இது புரியும். இடுப்புக்குக் கீழே முன்னும் பின்னும் பிளந்து முக்கோணத் துண்டுகள் செருகப்பட்டிருக்கின்றன. பக்கவாட்டில் அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரை நீளத் துண்டுகள் அகன்றுகொண்டே இறங்குகின்றன. ஒரு முக்கோணத்தை வெட்டினால் அதன் மறுபாதி இன்னொரு முக்கோணமாகிறது. தறியிலிருந்து வந்த துணியில் விரயம் மிகக் குறைவு. வெட்டு விளிம்புகள் பிரியாதிருக்க அவற்றின்மேல் மேலதிக நூலை ஓட்டிப் பின்னிய நேர்த்தி அங்கே இருக்கிறது. இருபது நாள் நூற்பின் ஒரு சாணைக்கூட இழக்க மனமில்லாத கையின் சிந்தனை அந்த வெட்டு. இன்றைய பிரதியில் அதே முக்கோணங்கள் அதே இடத்தில், அதே தையலோடு இருக்கின்றன. ஆனால் ஆலைத் துணியின் ஒன்றரை மீட்டர் அகலத்தில் அவை தாராளமாக வெட்டப்பட்டு, மிச்சம் குப்பைக்குப் போகிறது. வடிவம் கச்சிதமாக வந்துவிட்டது. அந்த வடிவத்தைப் பெற்றெடுத்த நெருக்கடி வரவில்லை. அணிந்து பார்ப்பதால் விளங்காத இடம் சரியாக இதுதான்.

இதன் தொடர்ச்சியாக, திடலில் எல்லா உடையும் புதியதாகவே இருக்கிறது. துணி அவ்வளவு அரியதாக இருந்த உலகில் பெரும்பாலானோர் புதிதாகத் தைத்ததை வாழ்வில் சில முறையே அணிந்திருப்பார்கள். எசமானர் ஆண்டுக் கூலியின் பகுதியாக உடை தந்தார். இறந்தவரின் அங்கி உயிலில் பெயர் சொல்லி எழுதப்பட்டது. பழைய உடை வியாபாரம் தனித் தொழிலாக இருந்தது. 1268 வாக்கில் எத்தியேன் புவாலோ தொகுத்த பாரிஸ் தொழில் விதிநூலில் அந்த வியாபாரிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஹெர்யோல்ஸ்னெஸ் உடைகள் நமக்குக் கிடைத்ததே, சவப்பெட்டிக்கு மரம் அரிதான அந்த நிலத்தில், ஒட்டும் கிழிசலுமாக உழைத்துத் தேய்ந்த உடைகளில் பிணங்களைச் சுற்றிப் புதைத்ததால்தான். ஆர்வலர்கள் ஒட்டுப்போட்ட இந்த உடைகளை அளந்து, ஒட்டுகளை நீக்கி, அவை தைத்து முடிந்த அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துத் தைக்கிறார்கள். சான்று என்ன சொல்கிறதோ அதை அழித்துவிட்டு, சான்றின் பெயரால் புதிய ஒன்றைச் செய்யும் முறை இது.

விஸ்பிக் கவசங்களுக்கும் இதே கதிதான். அவற்றில் பல 1361இலேயே பழைய பாணியாகிவிட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. நகரம் கதவடைத்து நிற்க, வீட்டில் இருந்ததை மாட்டிக்கொண்டு களத்துக்கு வந்த விவசாயிகளின் கவசம் அது. இன்று அதே தகட்டு அங்கிகள் பளபளக்கும் எஃகில், அணிபவரின் மார்பளவுக்குக் கச்சிதமாக, உலகெங்கும் செய்யப்பட்டு, செல்வந்த வீரனின் கோலத்தில் நடமாடுகின்றன.

உழைப்பை மறைக்கும் இந்தப் பழக்கம் கவசத்திலும் வேர் விட்டிருக்கிறது. ஒரு வளையக் கவசச் சட்டையில் இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் வளையங்கள் வரை இருக்கும். ரிவெட் வளையம் ஒவ்வொன்றின் முனையையும் தட்டையாக்கித் துளையிட்டு ரிவெட் அடிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வார இறுதிகளில் அணியப்படும் மலிவான ரிவெட் கவசங்களில் கணிசமான பகுதி இந்தியப் பட்டறைகளில் உருவாகிறது. ரிவெட் வட்டமா, ஆப்பு வடிவமா, வளையம் எந்த நூற்றாண்டுக்கு உரியது என்று துல்லியமாக விவாதிக்கும் துறை, அதை அடித்த கையைப் பற்றி அநேகமாகப் பேசுவதில்லை. 14ஆம் நூற்றாண்டின் நூற்பவளையும் அது இப்படித்தான் விட்டுவிட்டது. நூற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். முகாம்களில் ஒரு பெண் கதிர் சுழற்றிக் காட்டுவது உண்டு. அது பார்வையாளருக்கான காட்சி. அந்த நூல் திடலில் யார் உடம்பின்மேலும் துணியாக ஏறுவது மிக அரிது. இடைக்காலப் பெண்ணின் வாழ்நாளில் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட வேலை கூடாரத்தின் மூலையில் பத்து நிமிட விளக்கமாகச் சுருங்குகிறது.

ஓய்வு நேரம் மட்டுமே உள்ளவர் ஆடு வளர்த்து நூற்று நெய்ய முடியுமா, எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்பது வழக்கமான பதில். கோடு போடலாம். ஆனால் எந்தக் கேள்விக்காக அந்தக் கோடு என்பதைச் சொல்ல வேண்டும். பிரான்சின் பர்கண்டியில் 1997 முதல் எழும் கெடலோன் கோட்டையில் கல்லை அங்கேயே வெட்டுகிறார்கள், ஓடுகளைச் சுடுகிறார்கள். அந்த வழிமுறையே அவர்கள் தேடும் விடை. டென்மார்க்கின் லைரேயில் கதிரின் எடையைச் சோதித்தவர்கள் ஒவ்வொரு மீட்டர் நூலையும் பதிவு செய்தார்கள். கேள்வியும் பதிவும் உள்ள இந்த வேலை செயல்வழித் தொல்லியல்தான். ஆலைத் துணியில் கையால் தைத்த அழகிய அங்கி தையல் கலையின் நல்ல பயிற்சி, மதிக்கத் தக்க பொழுதுபோக்கு. அதை இடைக்கால வாழ்வின் ஆய்வு என்று எந்த அருங்காட்சியகமும் பார்வையாளர் முன் நிறுத்தக் கூடாது. நிறுத்துவதானால், அந்த அங்கியின் அருகில் வைக்கும் குறிப்பில் தையல் வகைக்கு முன்பாக, அந்தத் துணி எந்த ஆலையில் நெய்யப்பட்டது என்பதும், அதே அளவு துணிக்கு 14ஆம் நூற்றாண்டில் எத்தனை மணி நேர நூற்பு தேவைப்பட்டது என்பதும் இடம்பெற வேண்டும்.