பேவனோவின் கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது?

சிரோசிஸ் வந்த ஒருவருக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் வீங்கியிருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு உலகம் முழுக்கக் கல்லீரல் டாக்டர்கள் புரட்டிப் பார்க்கும் ஆவணம் 'பேவனோ 7'. பேவனோ என்பது வட இத்தாலியில், மாஜோரே ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். 1990-ல் அங்கே கூடிய மருத்துவர்கள் தொடங்கிவைத்த வரிசை இது. ஏழாவது கூட்டம் 2021 அக்டோபரில் நடந்தது. அதன் முடிவுகள் 2022-ல் ஜர்னல் ஆஃப் ஹெபடாலஜி இதழில் வெளிவந்தன.

நான் டாக்டர் இல்லை. அடுத்தவர் எழுதிய ஆவணத்தைப் படித்து, 'இதை எழுதியவர் எந்தச் சூழலை மனசுல வச்சு எழுதினார்?' என்று கேட்பது என் மென்பொருள் வேலையில் பாதி. அதே பழக்கத்தோடுதான் பேவனோ 7-ஐயும் படித்தேன். இது நல்ல ஆவணம். ஆனால் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்து படிக்கும்போது, இதில் நம் ஆட்களின் உயிரைக் காக்கக்கூடிய பகுதி எது, காகிதத்தோடு நின்றுபோகும் பகுதி எது என்பது வேறு மாதிரி தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் வீங்குகிறது

குடல், மண்ணீரல் ஆகியவற்றின் ரத்தம் எல்லாம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போய், அங்கிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டும். கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்பட்டால் அந்த வழி அடைபடும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றபோது என்ன ஆச்சு? ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. கூட்டம் முழுக்க பஸ், வேன், ஆட்டோ என்று கிடைத்த வழியில் பிரிந்து போனது. ரத்தமும் அப்படித்தான். மெயின் ரோடு அடைபட்டால் உணவுக்குழாயின் அடிப்பக்கம் இருக்கும் சந்துபொந்துகளில் நுழையும். அவ்வளவு ரத்தத்தைத் தாங்கப் படைக்கப்படாத மெல்லிய குழாய்கள் அவை.

இந்த அழுத்தத்தை அளக்க ஒரு எண் இருக்கிறது. கல்லீரலுக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசம், சாதாரணமாக 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். 10-ஐத் தொட்டால் சிக்கல்கள் ஆரம்பிக்கும். 12-ஐத் தாண்டினால் குழாய் வெடிக்கும் ஆபத்து. சுவரின் மேல் விழும் இழுவிசை, உள்ளழுத்தத்தையும் குழாயின் அகலத்தையும் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுத்தால் வருவது. அதாவது வீங்க வீங்க அகலம் கூடுகிறது, சுவர் மெலிகிறது. ரெண்டும் சேர்ந்து வெடிப்பை நோக்கித் தள்ளுகின்றன. வெடித்தால், இன்றைய நல்ல சிகிச்சையிலும் ஆறு வாரத்துக்குள் நூற்றில் 15 முதல் 20 பேர் வரை இறந்துபோகிறார்கள்.

12 மணி நேரம்: யாருடைய கடிகாரம்?

ரத்தக்கசிவு வந்தால் என்ன செய்வது என்ற பகுதியில் பேவனோ 7 தெளிவாகப் பேசுகிறது. ஆளை நிலைப்படுத்தி, வந்து சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி பார். வெடித்த குழாயில் ரப்பர் வளையம் மாட்டு. நம்ம ஊரில் 'பேண்ட் போடுறது' என்று சொல்வது இதைத்தான்.

இதில் 'வந்து சேர்ந்த' என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். சாஃப்ட்வேர் சப்போர்ட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிய தந்திரம். டிக்கெட் பதிவான நேரத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும். வாடிக்கையாளர் எத்தனை மணி நேரம் தவித்தார் என்பது கணக்கில் வராது. பேவனோவின் கடிகாரமும் ஆஸ்பத்திரி வாசலில்தான் ஓட ஆரம்பிக்கிறது. தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போக 45 கிலோமீட்டருக்கு மேல். மதுரை என்றால் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்த வாந்தி எடுத்தவரைப் பொறுத்தவரை, ஆபத்தான நேரத்தில் பெரும்பகுதி பேவனோவின் கடிகாரத்துக்கு வெளியில் கழிந்துவிடும். படகில் இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். காலையில் போகும் விசைப்படகு மறுநாள்தான் கரை திரும்பும்.

ஆவணத்தில் தவறு என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நடப்பதைத்தான் அது வரையறுக்க முடியும். ஆனால் அதே பகுதியில், தூரத்து ஊருக்கு 12 மணி நேர விதியைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. நம் பேச்சில் அவை வருவதே இல்லை.

ஒன்று, மருந்து எண்டோஸ்கோப்பிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிரை வெடிப்பு என்று சந்தேகம் வந்தவுடனேயே டெர்லிப்ரெசின், ஆக்ட்ரியோடைட் போன்ற ஊசி மருந்து, கூடவே ஆன்டிபயாட்டிக். சிரோசிஸ் என்று தெரிந்தவர் ரத்த வாந்தியோடு முதலில் எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறாரோ, அங்கேயே இதைத் தொடங்கிவிட்டு மேலே அனுப்பலாம். இதற்கு எண்டோஸ்கோப்பி கருவியும் வேண்டாம், அதைக் கையாளும் நிபுணரும் வேண்டாம்.

இரண்டு, ரத்தம் ஏற்றுவதில் கட்டுப்பாடு. குடும்பத்தார் பதறிப்போய் 'எத்தனை பாட்டில் வேணும்னாலும் ஏத்துங்க' என்பார்கள். பார்சிலோனாவில் 921 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வந்தது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றிய குழுவில் ஆறு வாரத்தில் பிழைத்தவர்கள் 95 சதவீதம். தாராளமாக ஏற்றிய குழுவில் 91. காரணம் மேலே சொன்ன அதே அழுத்தக் கணக்குதான்: தேவைக்கு மேல் ஊற்றும் ரத்தம், அடைபட்ட குழாயில் அழுத்தத்தை மறுபடி ஏற்றுகிறது. பேவனோ 7-ம் இதே எல்லையைத்தான் சொல்கிறது.

வெடிப்பதற்கு முந்தைய அத்தியாயம்

பேவனோ 7-ன் உண்மையான புதுமை ரத்தக்கசிவுப் பகுதியில் இல்லை. அதற்கு முந்தைய அத்தியாயத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் வழிமுறை இப்படி: சிரோசிஸ் என்றால் எண்டோஸ்கோப்பி பார், வீக்கம் பெரிதாக இருந்தால் மாத்திரை கொடு அல்லது பேண்ட் போடு, சின்னதாக இருந்தால் ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி பார். பேவனோ 7 கேள்வியையே மாற்றியது. குழாய் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதைவிட, அழுத்தம் 10-ஐத் தாண்டிவிட்டதா என்று பார். தாண்டியிருந்தால் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுப்பதை யோசி. அதிலும் கார்வெடிலால் மேல். இப்படி மாத்திரை எடுப்பவருக்கு, வீக்கம் இருக்கிறதா என்று தேடுவதற்காக எண்டோஸ்கோப்பி தேவையில்லை என்றே எழுதியிருக்கிறார்கள்.

இது பழைய மருந்துதான். பீட்டா பிளாக்கரான புரோப்ரனலால் மறு கசிவைத் தடுக்கும் என்று பிரான்ஸின் லெப்ரெக் குழு 1981-லேயே காட்டியது. அந்த ஆய்வில் ஒரு வருடத்தில் மறுபடி கசியாமல் இருந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 96 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 50. கார்வெடிலால் அதற்குத் தம்பி. குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதோடு, கல்லீரலுக்குள் இருக்கும் தடையையும் கொஞ்சம் தளர்த்துகிறது. பிரிட்டனில் 152 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளியான ஆய்வில் முதல் கசிவு கார்வெடிலால் எடுத்தவர்களில் 10 சதவீதம், பேண்ட் போட்டவர்களில் 23 சதவீதம்.

பேண்ட் என்பது சந்தை அடைப்பது. மாத்திரை, பாலத்தின் மேல் இருக்கும் நெரிசலைக் குறைப்பது. சந்தை அடைக்க வேண்டிய நேரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் 'பேண்ட் போட்டாச்சு' என்றுதான் சொல்கிறார்கள். 'மாத்திரை தொடர்ந்து எடுக்கிறேன்' என்று சொல்லிக் கேட்பது அபூர்வம். எண்டோஸ்கோப்பி ஒரு நிகழ்ச்சி, அதனால் நினைவில் நிற்கிறது. தினசரி மாத்திரை நிகழ்ச்சி இல்லை.

இந்த அத்தியாயத்தின் பலவீனம்

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். வெடிப்பதற்கு முன்பே மாத்திரை என்ற முடிவைத் தாங்கி நிற்கும் முக்கியத் தூண் ஒன்றே ஒன்று: ஸ்பெயினில் 8 ஆஸ்பத்திரிகளில் நடந்து 2019-ல் லான்செட்டில் வந்த பிரிடெஸ்கி ஆய்வு. மொத்தம் 201 பேர். நிலைமை மோசமானவர்கள் அல்லது இறந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 16 சதவீதம், மற்றதில் 27. நல்ல வித்தியாசம்தான். ஆனால் அந்த லாபத்தில் பெரும்பகுதி வயிற்றில் நீர் சேர்வது குறைந்ததால் வந்தது, கசிவு குறைந்ததால் அல்ல. அந்த 201 பேரில் பாதிக்கு மேல் ஹெபடைடிஸ் சி வைரஸ் நோயாளிகள். நம் பக்கத்தில் அதிகம் பேசப்படும் காரணங்கள் குடியும் சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரலும். ஸ்பெயினின் கணக்கு நமக்கும் அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொள்வது ஒரு ஊகம். ஆவணம் இந்த ஊகத்தை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது மிஷின். 201 பேரையும் கழுத்துச் சிரை போன்ற வழியாகக் குழாய் விட்டு அழுத்தம் அளந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். அதை ஊரெல்லாம் செய்ய முடியாது என்பதால், பேவனோ 7 ஃபைப்ரோஸ்கேனைக் கொண்டுவந்து வைக்கிறது. கல்லீரலின் விறைப்பு 25 கிலோபாஸ்கலைத் தாண்டினால் அழுத்தம் உண்டு என்று கொள். 15-க்குள் இருந்து தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் இல்லை என்று கொள். ஆனால் உடல் பருமனோடு வரும் கொழுப்புக் கல்லீரலுக்கு இந்த 25 அப்படியே பொருந்தாது என்று அவர்களே விலக்கு எழுதியிருக்கிறார்கள். குடியை நிறுத்தாதவருக்கு அழற்சியாலேயே விறைப்பு கூடிக் காட்டும். ஆக, நமக்கு மிக வேண்டிய இடத்தில்தான் அளவுகோல் தடுமாறுகிறது.

மூன்றாவது, ஏற்கெனவே நோய் முற்றியவர்கள். அவர்களுக்கு மாத்திரையா பேண்டா என்ற சண்டை வெகுநாளாக உண்டு. 1999-ல் டெல்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையின் சரின் குழு 89 பேரை வைத்து, ஒன்றரை வருடத்தில் கசிவு வாய்ப்பு புரோப்ரனலால் குழுவில் 43 சதவீதம், பேண்ட் குழுவில் 15 என்று நியூ இங்கிலாந்து ஜர்னலில் எழுதியது. பிறகு கார்வெடிலால் வந்து தராசைச் சமமாக்கியது. 2024-ல் அதே டெல்லியின் ஐ.எல்.பி.எஸ். நிறுவனம், முற்றிய சிரோசிஸும் பெரிய வீக்கமும் உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் முதல் கசிவு தனித்தனியாகக் கொடுப்பதைவிடக் குறைகிறது என்று கட் இதழில் காட்டியது. நம் நாட்டு நோயாளிகளிடமிருந்து வந்த இந்த விடை, அடுத்த பேவனோவில் எங்கே வைக்கப்படும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மிஷின் இல்லாத ஊரில்

இத்தனை குறை சொன்ன பிறகும், தங்கச்சிமடத்துக்கு அந்த முந்தைய அத்தியாயம்தான் முக்கியம் என்பேன். காரணம் தூரம். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவருக்கு வெடிப்பு ஒரு அவசரம். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது பெரும்பாலும் தீர்ப்பு. ஆகவே வெடிக்காமல் பார்த்துக்கொள்வதன் மதிப்பு இங்கே கூடுதல். ஏரிக்கரையில் கூடியவர்கள் இந்தப் பெருக்கலைப் போடவில்லை. நாம்தான் போட வேண்டும்.

அதற்கு வேண்டியதில் பாதி கையில் இருக்கிறது. தட்டணு எண்ணிக்கை எந்த லேபிலும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையிலேயே வரும். சாதாரண வயிற்று ஸ்கேனில் மண்ணீரல் வீக்கம் தெரியும். ஸ்கேனில் மாற்றுப் பாதைகள் தெளிவாகத் தெரிந்தால் அழுத்தம் 10-ஐத் தாண்டியதாகவே கொள்ளலாம் என்று பேவனோ வரிசையே ஏற்கிறது. மாத்திரை கொடுத்த பிறகு பார்க்க வேண்டியது முக்கியமாக இரண்டு: நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இறங்கினாலோ, சிறுநீரகம் தடுமாறினாலோ, மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. இது டாக்டர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இல்லை.

ஆனால் தொடர்ந்து பார்க்கும் வேலை? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு ஆள் வருகிறார்கள், பிரஷரும் பார்க்கிறார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த கார்வெடிலாலை அதே பையில் சேர்த்து, அதே கருவியால் பார்த்துக்கொள்ள என்ன தடை? கார்வெடிலாலே ஒரு பிரஷர் மாத்திரைதான். ஒரு கேள்வியாகத்தான் இதை வைக்கிறேன். ஆனால் ஃபைப்ரோஸ்கேன் வரட்டும் என்று காத்திருப்பதைவிட இது பக்கத்தில் இருக்கிறது.

குடியால் வந்த சிரோசிஸ் என்றால், குடியை நிறுத்தினாலே அழுத்தம் இறங்கும். பேவனோ 7 இதைச் சிகிச்சையின் பகுதியாகவே எழுதியிருக்கிறது. நம்மூரில் அது அறிவுரையாக மட்டும் நின்றுவிடுகிறது.

வீட்டில் சிரோசிஸ் நோயாளி இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இவர் தட்டணு எவ்வளவு, போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறதா? இவருக்கு பீட்டா பிளாக்கர் ஒத்துவருமா, வராதென்றால் எண்டோஸ்கோப்பி எப்போது? ராத்திரியில் ரத்த வாந்தி வந்தால் முதலில் எந்த ஆஸ்பத்திரி, அங்கே அந்த ஊசி மருந்து இருக்கிறதா? மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும் அது கசிவாக இருக்கலாம். வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.