திறக்காத புட்டி

திராட்சை மதுவின் ருசியைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் பெஞ்சமின் வாலஸ் 2008-ல் எழுதிய ‘தி பில்லியனேர்ஸ் வினிகர்’ என்ற புத்தகத்தைப் பற்றிப் பேச அது தேவையும் இல்லை. கோடீஸ்வரனின் காடி என்று தலைப்பைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். மதுவை வாங்கிவிட்டுக் குடிக்காமல் வைத்திருப்பவர்களைப் பற்றிய புத்தகம் இது.

1985 டிசம்பர் 5-ந் தேதி. லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி. ஒரு புட்டி ஏலத்துக்கு வருகிறது. கண்ணாடியில் 1787 என்ற வருஷமும், லாஃபிட் என்ற பிரெஞ்சுத் தோட்டத்தின் பெயரும், தாமஸ் ஜெஃபர்ஸனைக் குறிக்கும் எழுத்துக்களும் செதுக்கியிருக்கின்றன. பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ஜெஃபர்ஸன், 1789 வரை பாரிஸில் தூதராக இருந்தவர்; நல்ல மதுவின் ரசிகர். பாரிஸில் ஒரு வீட்டு நிலவறையில், சுவர் வைத்து அடைத்த இடத்தில் இது கிடைத்தது என்றார் ஹார்டி ரோடன்ஸ்டாக் என்ற ஜெர்மானியர். எந்த வீடு, எந்தத் தெரு என்று அவர் சொல்லவில்லை. அதற்காக ஏலம் நிற்கவும் இல்லை. 1,05,000 பவுண்டுக்கு ஃபோர்ப்ஸ் குடும்பத்தார் எடுத்தார்கள், காட்சிக்கு வைத்தார்கள். விளக்குச் சூட்டில் தக்கை சுருங்கிப் புட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது!

அதே ரகத்தில் நான்கு புட்டிகளை 1988-ல் சுமார் ஐந்து லட்சம் டாலருக்கு வாங்கியவர் பில் கோக் என்ற செல்வந்தர். 2005-ல் ஒரு கண்காட்சிக்காகப் பூர்வோத்தரம் கேட்டபோதுதான் சிக்கல். ஜெஃபர்ஸன் எதையும் கணக்கெழுதி வைக்கிற மனிதர். அந்தக் கணக்குகளில் இந்தப் புட்டிகள் இல்லை. மின்சாரக் கருவியால் செதுக்கிய எழுத்துக்கள் என்று கோக் அமர்த்திய நிபுணர்கள் சொன்னார்கள். வழக்கு நடந்தது. ரோடன்ஸ்டாக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2018-ல் காலமானார்.

வாலஸ் இதைத் துப்பறியும் கதையின் வேகத்தோடு சொல்கிறார். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, இந்த வியாபாரத்தின் விசித்திரமான தர்மம். யாரோ ஒரு புட்டியைக் குடித்துத் தீர்த்தால் மிச்சமிருக்கும் புட்டிகளுக்கு விலை ஏறுகிறது. குடிக்கிறவன் தன் வாயால் குடிக்காதவன் சொத்தைப் பெருக்குகிறான். உள்ளே இருப்பது அசலா என்று பார்க்கத் திறக்க வேண்டும். திறந்தால் சொத்துப் போயிற்று. அப்படியே துணிந்து திறந்தாலும், 1787-ன் ருசி இன்னதென்று சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? போலிக்கு இதைவிடப் பத்திரமான இடம் எது?

புத்தகம் பழசாகிவிடவில்லை. 2023-ல் லண்டனில் 1926-ம் வருஷத்து மக்காலன் விஸ்கி ஒரு புட்டி 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போயிற்று. விஸ்கி புட்டியில் அடைத்தபின் முதிர்வதே இல்லை. வருஷம் போகப் போக முதிர்வது விலை மட்டும்தான்.

வாலஸிடம் எனக்கு ஒரு குறை உண்டு. விற்றவனின் சாமர்த்தியத்தில் அவருக்கு இருக்கும் ஈடுபாடு, வாங்கியவனின் மனசில் இல்லை. விருந்துகளையும் ஏலங்களையும் காட்டுகிறார். ராத்திரி தனியாக நிலவறையில் இறங்கி, அந்தப் புட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே வருகிறவன் என்ன நினைக்கிறான்? சந்தேகம் முதலில் வந்தது எந்த நாள்? வந்த பின்னும் எத்தனை நாள் அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தான்? நாவலாசிரியன் அங்கேதான் ஆரம்பிப்பான்.

விலைபோனது அந்த நிலவறைக் கதை. கதை விற்றுப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டாயிற்று. ஆனால் என் வாசகர் கதையென்று தெரிந்தே வாங்குகிறார். வீட்டு விலாசம் கேட்பதில்லை. கண்ணாடி பீரோவில் அழகுக்கு அடுக்கிப் பிரிக்காமலே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போலியைக் கொடுத்தாலும் தெரியாது, நல்லதைக் கொடுத்தாலும் தெரியாது. வாலஸின் புத்தகத்தையாவது திறந்து படித்துவிடுங்கள்.