காற்றாலைக்கு யார் ஒப்பம் வைப்பது?

2019 ஜூனில் மேற்கு லண்டனின் ஹவுன்ஸ்லோ கவுன்சில் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. அறிவித்தவர்களின் தலைக்கு மேலே விமானங்கள் ஹீத்ரோவுக்கு இறங்கிக்கொண்டுதான் இருந்தன. விமான நிலையம் பக்கத்து ஹில்லிங்டன் எல்லைக்குள் இருக்கிறது. மூன்றாவது ஓடுபாதை பற்றி முடிவெடுப்பது மத்திய அரசு. புகை கக்கும் பழைய கார்களிடம் நாளுக்கு 12.50 பவுண் அறவிடுவது லண்டன் மேயர். 2023 ஓகஸ்டில் அந்தக் கட்டணம் முழு லண்டனுக்கும் வருமுன் ஹில்லிங்டன் உட்பட ஐந்து கவுன்சில்கள் வழக்காடித் தோற்றன. ஹவுன்ஸ்லோ அதில் சேரவில்லை. இழுபறிதான். ஆனால் எது யாருடைய அதிகாரம் என்பதை நீதிமன்றத்தில் கேட்டுத் தெளியலாம்.

இங்கே ஹவுன்ஸ்லோவில் யாழ்ப்பாணத்தாரும் கோயம்புத்தூராரும் ஒரே கவுன்சிலுக்குத்தான் வரி கட்டுகிறோம். ஊரில் எங்கள் சபைகளின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று பார்க்க, காற்றாலையை விட நல்ல அளவுகோல் கிடையாது.

கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய். சேமிப்புப் போக மீதிக்கு வங்கிக் கடன். ஊரின் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். கரிமம், காலநிலை என்றெல்லாம் யாரும் பேசித் தொடங்கிய வேலையல்ல இது. மின்கட்டணம் கையைக் கடித்தது, அவ்வளவுதான். தலைவர் ஆர். சண்முகத்துக்குத் துணிச்சல் இருந்தது. அதைவிட முக்கியம், ஊராட்சிக்கென்று ஒரு கணக்கும் கடன் வாங்க வழியும் இருந்தன.

இலங்கையின் மன்னாரில் காற்று இன்னும் பலமாக வீசும். இலங்கை மின்சார சபை அமைத்த 'தம்பபவனி' காற்றாலை அங்கே 30 கோபுரங்களோடு 103.5 மெகாவாட் தருகிறது. அதானி நிறுவனத்தோடு கொழும்பு பேசிய பெரிய காற்றாலைத் திட்டம் வேறு. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இத்தனையிலும் மன்னாரின் உள்ளூராட்சிச் சபைகள் முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. வடமாகாண சபையோ 2018 ஒக்டோபரில் காலாவதியானது. மறுபடி தேர்தல் வரவில்லை. புதிய கோபுரங்கள் வேண்டாமென்று 2025 ஓகஸ்டில் சனம் வீதியில் இறங்க, வேலைகளை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னவர் ஜனாதிபதி. மே மாதம்தான் தெரிவான சபைகள் இருந்தும், பேச்சு நேரே தெருவிலிருந்து கொழும்புக்குப் போயிற்று.

அதற்காகத் தமிழ்நாட்டை மெச்சிக்கொண்டிருக்கவும் முடியாது. 2022 டிசம்பரில் தொடங்கிய காலநிலை மாற்ற இயக்கத்துக்கு மாவட்டந்தோறும் பொறுப்பாளர் ஆட்சியர். அவருக்குத் துணை வன அலுவலர். மேலிருந்து கீழே உத்தரவு சீராக இறங்க இது நல்ல ஏற்பாடு. கீழிருந்து மேலே ஏற வழி எங்கே? சென்னை மாநகராட்சியே 2016 முதல் 2022 வரை மாமன்றம் இல்லாமல் நடந்தது. கோவை மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர் ஒருவர் ஊரின் பேரில் கோடி ரூபாய் கடன் வாங்கிக் காற்றாலை நடத் துணிவாரா? அவரைக் குறை சொல்லவும் முடியாது. மாற்றல் உத்தரவு வரும்வரை கணக்கில் தணிக்கைக் குறிப்பு விழாமல் பார்த்துக்கொள்வதே அவருக்குப் பெரும்பாடு.